ஆபீஸ் லேப்டாப் சொல்லும் சாட்சி

“14ஆம் தேதி இரவு 11.42 மணிக்குத் தாங்கள் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பட்டியலைப் பென்டிரைவில் நகலெடுத்துள்ளீர்கள் என்பது கணினித் தடயவியல் ஆய்வில் உறுதியாகியுள்ளது. ஏழு நாட்களுக்குள் எழுத்துமூலம் விளக்கம் அளிக்கவும்.”

இப்படி ஒரு மெமோ வந்தால் செய்தவருக்கும் கை நடுங்கும், செய்யாதவருக்கும் நடுங்கும். காரணம் அந்த 11.42தான். “நீதான் எடுத்திருப்பே” என்று மேனேஜர் சொன்னால் எதிர்த்துப் பேசலாம். நிமிடக் கணக்கோடு ஒரு இயந்திரம் சொன்னால் என்ன பேசுவது?

பேசுவதற்கு நிறைய இருக்கிறது. அந்த மெமோவில் இயந்திரம் சொன்னது எவ்வளவு, மனிதர்கள் சேர்த்தது எவ்வளவு என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். கணினி அநேகமாக இவ்வளவுதான் சொல்லியிருக்கும்: இன்ன வரிசை எண் கொண்ட பென்டிரைவ் இந்த லேப்டாப்பில் செருகப்பட்டது, இன்ன பெயரில் ஒரு கோப்பு திறக்கப்பட்டது, அப்போது இன்ன பயனர் பெயரில் லேப்டாப் ஓடிக்கொண்டிருந்தது. ‘தாங்கள்’ என்ற சொல் கணினியுடையது அல்ல. ‘நகலெடுத்துள்ளீர்கள்’ என்பதையும் பல நேரம் அது சொல்லியிருக்காது.

பென்டிரைவிலிருந்தே தொடங்கலாம். விண்டோஸில் ஒன்றைச் செருகினால் அதன் தயாரிப்பாளர், மாடல், வரிசை எண் ஆகியவை ரெஜிஸ்ட்ரி என்ற உள்பதிவேட்டில் ஏறிவிடும். முதன்முதலாகச் செருகிய நேரம் தனியாக ஒரு லாக் கோப்பில் விழும். அப்புறம் அந்தப் பென்டிரைவைக் கொண்டுபோய்க் கூவத்தில் எறிந்தாலும் இந்தப் பதிவுகள் லேப்டாப்பிலேயே இருக்கும். “நான் பென்டிரைவே போடலை” என்று ஆவேசமாகச் சொல்லிவிட்டு மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. இந்த மட்டத்தில் கணினித் தடயம் பொதுவாக நம்பகமானது. அதை மறுத்துப் பயனில்லை.

ஆனால் அந்தப் பென்டிரைவுக்குள் என்ன போனது? சாதாரண விண்டோஸ், ஒரு கோப்பு பென்டிரைவுக்கு நகலானதை ‘நகலானது’ என்று எங்கும் எழுதிவைப்பதில்லை. இது பலருக்குத் தெரியாது. நிறுவனம் அதற்கென்று கண்காணிப்பு மென்பொருள் போட்டிருந்தால்தான் அப்படி ஒரு வரி கிடைக்கும். ஐடி ஆட்கள் டிஎல்பி என்று சொல்வார்களே, அது. அது இல்லாத இடத்தில் ஆய்வாளர் சுற்றிவளைத்துத்தான் வர வேண்டும். பென்டிரைவில் உள்ள கோப்பை யாராவது அங்கிருந்தே திறந்து பார்த்திருந்தால் விண்டோஸ் தானாக ஒரு ஷார்ட்கட் கோப்பை உருவாக்கும். அதில் மூலக் கோப்பின் பெயர், அது இருந்த டிரைவ், அந்த டிரைவின் அடையாள எண் எல்லாம் இருக்கும். அது கிடைத்தால் வலுவான தடயம். கிடைக்காவிட்டால், ‘பென்டிரைவ் செருகப்பட்டது, அதே நேரத்தில் பட்டியல் திறக்கப்பட்டது, எனவே நகலெடுத்திருப்பார்’ என்ற ஊகம்தான் மிஞ்சும். ஊகிப்பதில் தப்பில்லை. அதை ‘உறுதியாகியுள்ளது’ என்று மெமோவில் எழுதுவதில்தான் தப்பு.

நேரம் என்னும் வம்பு

உங்கள் கணினியிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். இரண்டு வருடத்துக்கு முன் எழுதிய ஏதாவது ஒரு வேர்டு கோப்பை எடுத்து வேறொரு ஃபோல்டரில் நகலெடுங்கள். நகலின் மேல் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸைத் திறங்கள். உருவான நேரம் என்று இன்றைய தேதி இருக்கும். கடைசியாகத் திருத்திய நேரம் என்று இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி இருக்கும். அதாவது பிறப்பதற்கு முன்பே திருத்தப்பட்ட கோப்பு.

விவரம் தெரியாத ஒருவர் இதைப் பார்த்தால் “தேதியை மாத்தி ஏதோ தில்லுமுல்லு பண்ணியிருக்கான்” என்பார். உண்மையில் இது நகலெடுத்ததன் இயல்பான அடையாளம். நகல் புதிதாக உருவாவதால் உருவான நேரம் புதிது. உள்ளடக்கம் மாறாததால் திருத்திய நேரம் பழையது. அதனால்தான், எந்தக் கோப்பு எப்போது ஓர் இடத்துக்கு வந்தது என்று கண்டுபிடிக்க ஆய்வாளர்கள் இதே முரணைத் தேடுகிறார்கள்.

கடைசியாகத் திறந்த நேரம் என்று மூன்றாவதாக ஒன்று உண்டு. பெயரைப் பார்த்தால் அதுதான் முக்கியமான சாட்சி போலத் தெரியும். மூன்றில் அதைத்தான் நான் கடைசியாக நம்புவேன். விண்டோஸ் விஸ்டா பதிப்பின் காலத்தில் மைக்ரோசாஃப்ட் வேகத்துக்காக இந்த நேரத்தைப் புதுப்பிப்பதையே இயல்பாக நிறுத்திவைத்தது. அந்தப் புதுப்பிப்பு நடக்கும் கணினிகளிலும், மனிதர் தொடாமலே பேக்கப் மென்பொருளோ ஆன்டிவைரஸோ கோப்பைத் தொட்டு அதை மாற்றிவிடக்கூடும். ‘கடைசியாகத் திறந்தது இன்ன நேரம்’ என்பதை மட்டும் வைத்து ஓர் அறிக்கை ஒருவரைக் குற்றவாளி ஆக்குகிறது என்றால், அந்த அறிக்கையை மூடிவைத்துவிட்டு வேறு ஆய்வாளரைத் தேடலாம்.

சரி, அந்த 11.42க்கு வருவோம். விண்டோஸின் வழக்கமான கோப்பு முறையான என்டிஎஃப்எஸ், நேரத்தை உலகப் பொது நேரத்தில் சேமிக்கிறது. நம் நேரம் அதைவிட 5.30 மணி முன்னால் இருப்பதால், காட்டும்போது கூட்டிக் காட்டும். பென்டிரைவ்களில் அதிகம் புழங்கிய ஃபேட்32 முறையோ உள்ளூர் நேரத்தையே அப்படியே எழுதிவைக்கும். அது எந்த ஊர் நேரம் என்று குறிக்காது. இப்போது, பென்டிரைவை ஆராயும் ஒருவர் ஃபேட்32 நேரத்தைப் பொது நேரம் என்று நினைத்து 5.30ஐக் கூட்டிவிட்டால்? மாலை 6.12க்கு, ஆபீஸே நிரம்பியிருந்த வேளையில் நடந்த வேலை, இரவு 11.42க்குத் தனியாக நடந்ததாக மாறிவிடும். கோப்பில் ஒரு எழுத்துகூட மாறவில்லை, ஆள் மட்டும் திருடன் ஆகிவிட்டார். அறிக்கை கைக்கு வந்ததும் முதலில் கேட்க வேண்டியது: இதில் உள்ள நேரங்கள் எந்த நேர மண்டலத்தில் எழுதப்பட்டவை? லேப்டாப்பின் கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்று பார்த்தீர்களா? கடிகாரத்தை யாராவது மாற்றினால் விண்டோஸின் பாதுகாப்புப் பதிவில் அதற்கு 4616 என்ற எண்ணில் ஒரு பதிவு விழக்கூடும். ஒழுங்கான ஆய்வாளர் அதைத் தேடியிருப்பார்.

அரக்கு முத்திரை எப்போது வைத்தார்கள்?

தடயவியல் ஆய்வாளர் அசல் வட்டில் வேலை செய்வதில்லை. எழுத விடாமல் தடுக்கும் கருவியின் வழியாக வட்டை இணைத்து, பிட் பிட்டாக முழு நகல் எடுப்பார். துறையில் அதற்குப் பெயர் இமேஜ். அழித்த கோப்புகளின் மிச்சம்கூட அதில் வரும். பிறகு அந்த முழு நகலையும் ஒரு கணக்கீட்டுக்குள் செலுத்தி ஹாஷ் என்ற நீளமான எண்ணைப் பெறுவார். வட்டில் ஒரு காற்புள்ளி மாறினாலும் எண் அடியோடு வேறாகும். இன்று எடுத்த ஹாஷும் ஆறு மாதம் கழித்து எடுக்கும் ஹாஷும் ஒன்றாக இருந்தால், இடையில் யாரும் கைவைக்கவில்லை என்று பொருள். எம்டி5, எஸ்எச்ஏ-1, எஸ்எச்ஏ-256 என்று இதில் வகைகள் உண்டு. ஒரே எம்டி5 எண் வரும்படி இரண்டு வெவ்வேறு கோப்புகளைச் செயற்கையாக உருவாக்கலாம் என்று 2004இல் காட்டிவிட்டார்கள். எஸ்எச்ஏ-1க்கும் 2017இல் அதே கதி. இன்று புதிதாக வேலை செய்கிறவர் 256ஐத்தான் எடுக்க வேண்டும்.

ஹாஷை அரக்கு முத்திரை என்று நினைத்துக்கொள்ளலாம். உறை பிரிக்கப்படவில்லை என்பதை அது காட்டும். உறைக்குள் உள்ள கடிதம் உண்மையா என்று காட்டாது. முத்திரை வைப்பதற்கு முன் உறை யார் கையில் இருந்தது என்பதையும் காட்டாது. பணியிடத் தகராறுகளில் கதை கந்தலாவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான்.

எனக்கே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு நிறுவனத்தில் சிஸ்டம் அட்மினாக இருந்தேன். ஒரு டிசைனர் வேலையை விட்டுப் போட்டி நிறுவனத்துக்குப் போனார். லேப்டாப் என் மேசைக்கு வந்தது. “தம்பி, சும்மா ஒருக்கா திறந்து பாரு, எதையாவது தூக்கிட்டுப் போயிருக்கானா” என்றார் மேலாளர். நானும் பெரிய துப்பறிவாளன் மாதிரி லேப்டாப்பை ஆன் செய்தேன், அட்மின் கணக்கில் நுழைந்தேன், ஃபோல்டர்களைத் திறந்தேன், மூன்று டிசைன் கோப்புகளைத் திறந்து பார்த்தேன். சந்தேகமாகத் தெரிந்தவற்றை என் பென்டிரைவில் போட்டு மேலாளரிடம் கொடுத்தேன். அன்றிரவு ஆன்டிவைரஸ் வேறு முழு ஸ்கேன் ஓட்டியது. பன்னிரண்டு நாள் கழித்துத்தான் வக்கீல் சொன்னதன் பேரில் வெளி ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து வந்த அறிக்கை மிகச் சரியான அறிக்கை. கடைசியாகச் செருகிய பென்டிரைவின் வரிசை எண் அதில் இருந்தது. அது என்னுடையது. திறக்கப்பட்ட மூன்று கோப்புகளின் பெயரும் இருந்தன. அவையும் நான் திறந்தவை. வக்கீல் அறிக்கையை மேசையில் வைத்துவிட்டு, “இதுக்கு நடுவுல கை வச்சது யாரு?” என்றார். அந்த டிசைனர் எதையாவது எடுத்தாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் வழியை நானே மிதித்து அழித்துவிட்டேன்.

லேப்டாப்பை ஆன் செய்தாலே விண்டோஸ் பின்னணியில் ஏராளமான கோப்புகளை எழுதும், மாற்றும். எஸ்எஸ்டி வட்டுகளில் இன்னும் மோசம். அழிக்கப்பட்ட கோப்புகள் இருந்த இடத்தை அந்த வட்டே தன் வசதிக்காகத் துடைத்துவிடும். மின்சாரம் பாய்ந்துகொண்டிருந்தால் போதும். எனவே லேப்டாப் ஊழியர் கையிலிருந்து வந்த நிமிடம் முதல் ஹாஷ் எடுத்த நிமிடம் வரை யாரிடம், எந்த அலமாரியில், யார் கையெழுத்தில் இருந்தது என்ற தாள் வேண்டும். அந்தத் தாள் இல்லாமல் வரும் அறிக்கையை நான் பாதி நம்பிக்கையோடுதான் படிப்பேன்.

விசைப்பலகையில் யார் விரல்?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், தொழிலாளர் விபத்து இழப்பீடுகளைக் கவனிக்கும் அரசுத் துறையில் விசாரணை அலுவலராக இருந்தார் ஒருவர். 2006 நவம்பரில் அவருக்கு மாற்று லேப்டாப் கொடுத்தார்கள். சில மாதங்களில் அதன் இணையக் கட்டணம் சக ஊழியர்களுடையதைவிட நான்கரை மடங்கு வந்தது. ஐடி பிரிவு திறந்து பார்த்தால், குழந்தைகளை வைத்து எடுத்த சட்டவிரோத ஆபாசப் படங்கள். 2007 மார்ச்சில் வேலை போனது. ஆகஸ்டில் குற்ற வழக்கு. நண்பர்கள் விலகினார்கள், கொலை மிரட்டல் வந்தது.

அவர் தரப்பு ஆய்வாளர் அதே லேப்டாப்பை எடுத்துப் பார்த்தார். ஆன்டிவைரஸ் சரியாக இயங்கவில்லை. உள்ளே வைரஸ் போன்ற தீநிரல்கள் குடியிருந்தன. அவை நிமிடத்துக்கு நாற்பது தளங்கள்வரை தாமாகவே போய் வந்துகொண்டிருந்தன. எந்த மனிதரும் நிமிடத்துக்கு நாற்பது தளம் பார்க்க முடியாது. ஓர் இரவு அவரும் மனைவியும் வெளியே சாப்பிடப் போயிருந்த நேரத்தில் ஒன்றரை மணி நேரம் படங்கள் இறங்கியிருந்தன. அரசுத் தரப்பு ஆய்வும் அதையே சொன்னதும் 2008இல் வழக்கைக் கைவிட்டார்கள். அதற்குள் வழக்குச் செலவு மட்டும் இரண்டரை லட்சம் டாலர். வேலை திரும்பக் கிடைக்கவில்லை.

முதலில் பார்த்த ஐடி பிரிவு பொய் சொல்லவில்லை, கவனியுங்கள். படங்கள் உண்மையிலேயே இருந்தன. அவருடைய லேப்டாப்தான். அவருடைய பயனர் கணக்குதான். ‘எனவே அவர்தான் பார்த்தார்’ என்ற கடைசி வரி மட்டும் தவறு.

இதேபோல கனெக்டிகட் மாநிலத்தின் நார்விச் நகரில், 2004 அக்டோபரில், ஒரு பள்ளியில் மாற்று ஆசிரியை ஒருவர் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது வகுப்புக் கணினியில் ஆபாசப் படங்கள் பாப்அப்பாக வர ஆரம்பித்தன. மூட மூட வேறொன்று திறந்தது. விண்டோஸ் 98 ஓடிய பழைய கணினி, பாதுகாப்பு மென்பொருள் காலாவதி. 2007 ஜனவரியில் நடுவர் குழு அவரைக் குற்றவாளி என்றது. நாற்பது ஆண்டுகள்வரை சிறைக்கு வாய்ப்பிருந்தது. அவர் வேண்டுமென்றே கிளிக் செய்தார் என்பதற்கு அரசுத் தரப்பு காட்டிய ஆதாரங்களில் ஒன்று, ஒரு பக்கத்தில் இணைப்பு சிவப்பாக இருந்தது, ஏற்கெனவே கிளிக் செய்த இணைப்பு நிறம் மாறும் அல்லவா என்பது. பின்னர் இலவசமாக உதவ வந்த கணினி நிபுணர்கள் அந்தப் பக்கத்தின் நிரலைத் திறந்து பார்த்தார்கள். எழுத்து சிவப்பாக இருக்க வேண்டும் என்று பக்கத்தை வடிவமைத்தவரே எழுதிவைத்திருந்தார். ஒரு நிறத்தைத் தப்பாகப் படித்ததில் ஒரு பெண்ணின் வாழ்க்கை தொங்கிக்கொண்டிருந்தது. தீநிரல் இருக்கிறதா என்று போலீஸ் தரப்பு தேடிக்கூடப் பார்க்கவில்லை. 2007 ஜூனில் தீர்ப்பு ரத்தானது. ஆனாலும் 2008இல் சிறு குற்றம் ஒன்றை ஒப்புக்கொண்டு, 100 டாலர் அபராதம் கட்டி, ஆசிரியர் உரிமத்தையும் கொடுத்துவிட்டுத்தான் அவரால் வெளியேற முடிந்தது.

தீநிரல் மட்டும்தான் ‘வேறொரு கை’ என்றில்லை. நம் ஆபீஸ்களில் பாஸ்வேர்டை மானிட்டரில் ஒட்டிவைப்பவர்கள் எத்தனை பேர்? டீ குடிக்கப் போகும்போது திரையைப் பூட்டாதவர்கள்? ஐடி ஆட்கள் ரிமோட்டில் உள்ளே வருவதும் அன்றாடம் நடப்பது. இதையெல்லாம் ஓரளவு பிரித்தறிய விண்டோஸில் வழி இருக்கிறது. ஒருவர் உள்நுழையும்போது 4624 என்ற எண்ணில் ஒரு பதிவு விழும். அதற்குள் லாகான் வகை என்று ஒரு சிறிய எண் இருக்கும். 2 என்றால் நேரில் உட்கார்ந்து நுழைந்தது, 7 என்றால் பூட்டிய திரையைத் திறந்தது, 10 என்றால் ரிமோட் டெஸ்க்டாப்பில் வந்தது. ஒருவரின் வேலையே இந்த 2க்கும் 10க்கும் நடுவில் நிற்கலாம். ஆனால் இந்தப் பதிவேடு அளவோடு இருப்பது. நிரம்பினால் பழையது அழிந்து புதியது ஏறும். மூன்று மாதம் கழித்துக் கேட்டால் கிடைக்காமல் போகலாம்.

ஜீன் சொன்னது உண்மை

தடயவியல் படிக்கும் மாணவர்களுக்குக் கொடுக்கும் பிரபலமான பயிற்சி வழக்கு ஒன்று உண்டு. அமெரிக்கக் கடற்படை முதுநிலைக் கல்லூரியில் உருவாக்கிய கற்பனைக் கதை. எம்57 என்ற சிறு நிறுவனம். ஊழியர்களின் சம்பளமும் அடையாள எண்களும் அடங்கிய எக்செல் கோப்பு, போட்டி நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் கிடக்கிறது. அது நிதி அலுவலர் ஜீனின் லேப்டாப்பிலிருந்து போனது. “தலைவர் ஆலிசன் மெயிலில் கேட்டார், அனுப்பினேன்” என்கிறார் ஜீன். “நான் கேட்கவே இல்லை” என்கிறார் ஆலிசன்.

லேப்டாப்பின் இமேஜைத் திறந்தால் ஜீன் அந்தக் கோப்பை இணைத்து அனுப்பிய மெயில் பளிச்சென்று இருக்கிறது. அவசரக்காரர்கள் அங்கேயே அறிக்கையை முடித்துவிடுவார்கள். நிதானமாகப் பார்ப்பவர்கள் கோப்பைக் கேட்டு வந்த மெயிலின் தலைப்பகுதியைப் பிரித்துப் பார்ப்பார்கள். அனுப்புநர் பெயர் வர வேண்டிய இடத்தில் ஆலிசனின் மெயில் முகவரியையே பெயராகப் போட்டு, உண்மையான முகவரி வேறொரு ஜிமெயிலாக இருக்கும். ஜீன் ‘ரிப்ளை’ தட்டியதும் கோப்பு அந்த வெளியாளுக்குப் போய்விட்டது. ஜீன் சொன்னது உண்மை, ஆலிசன் சொன்னதும் உண்மை, லேப்டாப் சொன்னதும் உண்மை.

ஆய்வாளர் எதை எதிர்பார்த்து உட்கார்கிறாரோ அது அவர் கண்ணில் அதிகம் படும். 2021இல் வெளியான ஓர் ஆய்வில் நார்வேயைச் சேர்ந்த நீனா சுண்டேயும் லண்டனில் பணியாற்றிய இட்டியெல் டிரோரும் எட்டு நாடுகளைச் சேர்ந்த 53 கணினித் தடயவியல் நிபுணர்களிடம் ஒரே வன்வட்டின் நகலைக் கொடுத்தார்கள். கூடவே சொன்ன பின்னணிக் கதையை மட்டும் குழுவுக்குக் குழு மாற்றினார்கள். சந்தேகத்துக்குரியவர் நிரபராதியாக இருக்கலாம் என்ற குறிப்போடு பார்த்தவர்கள் மிகக் குறைவான தடயங்களைக் கண்டார்கள். அவருக்கு உள்நோக்கம் இருந்திருக்கலாம் என்ற குறிப்போடு பார்த்தவர்கள் அதிகம் கண்டார்கள். ஒரே கதையைக் கேட்ட குழுவுக்குள்ளேயேகூட ஆளுக்கு ஆள் முடிவு வேறுபட்டது. இப்போது நம் ஆபீஸை நினைத்துப் பாருங்கள். ஹெச்ஆர் ஆய்வகத்துக்கு எழுதும் கடிதத்தின் முதல் வரியே பெரும்பாலும் “தகவல் திருடிய முன்னாள் ஊழியரின் லேப்டாப் இணைக்கப்பட்டுள்ளது” என்றுதான் இருக்கும்.

கணினியை நம்பியே ஆக வேண்டும் என்று சட்டமும் சேர்ந்து சொன்னால் என்ன ஆகும் என்பதற்குப் பிரிட்டனின் அஞ்சலகக் கதை போதும். அங்கே முன்பு, கணினி ஒழுங்காக இயங்கியது என்று காட்டினால்தான் அதன் பதிவு குற்ற வழக்கில் சாட்சியமாகும் என்றொரு விதி இருந்தது. 1999இல் இயற்றிய சட்டத்தால் அதை நீக்கிவிட்டார்கள். அதன்பின், வேறு ஆதாரம் இல்லாதவரை கணினி சரியாகத்தான் ஓடியது என்பது எடுகோள். அதே காலத்தில்தான் ஃபுஜிட்சு வழங்கிய ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள் கிளை அஞ்சலகங்களுக்கு வந்தது. திரையில் பணம் குறைந்தது. கிளைகளை நடத்தியவர்கள் கைக்காசைப் போட்டு நிரப்பினார்கள், முடியாதவர்கள் நீதிமன்றத்தில் நின்றார்கள். 900க்கும் மேற்பட்டோர் தண்டிக்கப்பட்டார்கள். மென்பொருளில் பிழைகள் இருந்தன, ஃபுஜிட்சு ஆட்கள் கிளைக்காரருக்குத் தெரியாமலே தொலைவிலிருந்து கணக்கில் கைவைக்க முடிந்தது என்று 2019 டிசம்பரில்தான் உயர் நீதிமன்றம் சொன்னது. பெரும்பாலான தண்டனைகளை ரத்துசெய்ய 2024இல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. அந்தப் பதிவுகளெல்லாம் யார் வசம் இருந்தன? குற்றம் சாட்டிய நிறுவனத்தின் வசம். பணியிடத் தகராறு எல்லாவற்றிலும் இதே நிலைதான்: லேப்டாப் அவர்களுடையது, சர்வர் அவர்களுடையது, அட்மின் பாஸ்வேர்டு அவர்களுடையது, ஆய்வகத்துக்குப் பணம் கட்டுவதும் அவர்கள்.

நம் நாட்டில்

நீதிமன்றத்துக்கு ஒரு விதி, ஆபீஸ் விசாரணைக்கு ஒரு விதி. இதைப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள்.

நீதிமன்றத்தில் மின்னணுப் பதிவின் நகலைச் சாட்சியமாக வைக்கச் சான்றிதழ் வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தில் அது 65பி பிரிவு. 2014இல் உச்ச நீதிமன்றம் அதைக் கட்டாயம் என்றது, 2018இல் கொஞ்சம் தளர்த்தியது, 2020இல் மூன்று நீதிபதிகள் அமர்வு மறுபடியும் கட்டாயம் என்று உறுதிசெய்தது. அசல் கருவியையே அதன் உரிமையாளர் கூண்டில் ஏறி நிரூபித்தால் மட்டும் சான்றிதழ் தேவையில்லை. 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதினியம் வந்து, அந்த இடத்தை 63ஆம் பிரிவு பிடித்துக்கொண்டது. இப்போது சான்றிதழுக்கு இரண்டு பகுதி: ஒன்றைப் பதிவைத் தாக்கல் செய்பவர் தரப்பு நிரப்ப வேண்டும், மற்றொன்றை நிபுணர். ஹாஷ் எண்ணையும் எந்த முறையில் எடுத்தது என்பதையும் எழுத வேண்டும். எம்டி5, எஸ்எச்ஏ-1 இரண்டுக்கும் அந்தப் படிவத்தில் இன்னும் கட்டம் போட்டு வைத்திருப்பதைப் பார்த்து நான் கொஞ்சம் சிரித்தேன்.

ஆபீஸ் உள்விசாரணையில் சாட்சியச் சட்டம் அப்படியே பொருந்தாது. ஹரியானா அரசுப் பேருந்து நடத்துநர் ஒருவரின் பணிநீக்க வழக்கில் 1977இலேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. நியாயமாக யோசிக்கும் ஒருவர் ஏற்கக்கூடிய எந்த ஆதாரத்தையும் அங்கே எடுத்துக்கொள்ளலாம். ‘சந்தேகத்துக்கு இடமின்றி’ நிரூபிக்கத் தேவையில்லை; நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தால் போதும். ஆகவே “63 சான்றிதழ் இல்லை, மெமோ செல்லாது” என்று பதில் எழுதினால் எடுபடாது. அதே நேரத்தில் இயற்கை நீதி அங்கேயும் உண்டு. எந்த ஆவணத்தை வைத்துக் குற்றம் சாட்டுகிறார்களோ அதன் நகலை உங்களுக்குத் தர வேண்டும், அதை எழுதியவரைக் குறுக்கு விசாரணை செய்ய வாய்ப்புத் தர வேண்டும். விஷயம் தொழிலாளர் நீதிமன்றம்வரை போனால், இவை மறுக்கப்பட்டதா என்பதுதான் முதல் கேள்வியாக எழும்.

மெமோவுக்கு வக்கீலோ சங்கத்தாரோ பதில் எழுதும்போது நான் கேட்கச் சொல்பவை அதிகமில்லை. இரண்டு பக்கச் சுருக்கம் வேண்டாம், முழு அறிக்கை வேண்டும். லேப்டாப் யார் யார் கையில் இருந்தது என்ற பதிவு வேண்டும். இமேஜ் எடுத்த தேதியும் ஹாஷும் வேண்டும். தீநிரல் தேடினார்களா, ரிமோட் நுழைவு இருந்ததா என்ற கேள்விக்கு நேரடியான பதில் வேண்டும். அன்றைக்கு வாசல் கதவில் அட்டை தேய்த்த பதிவையும் கேமரா பதிவையும் பாதுகாத்து வைக்கச் சொல்லி முதல் நாளே கேளுங்கள். கேமரா பதிவுகள் சில வாரங்களில் தானாக அழிந்துவிடும் இடங்கள் நிறைய. 11.42க்கு நீங்கள் தாம்பரம் ரயிலில் இருந்தீர்கள் என்று காட்ட அதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது. முடிந்தால் இமேஜின் ஒரு நகலையே கேளுங்கள். அதே ஹாஷ் வரும் நகல் கையில் இருந்தால் உங்கள் தரப்பு நிபுணரும் பார்க்கலாம். அந்த மாசசூசெட்ஸ் அலுவலரைக் காப்பாற்றியது அதுதான்.

இன்னொன்று: மெமோ வந்த பதற்றத்தில் லேப்டாப்பைச் சுத்தம் செய்கிறேன் என்று எதையும் அழிக்காதீர்கள், ஃபேக்டரி ரீசெட் செய்யாதீர்கள். உங்கள் சொந்த போட்டோவாக இருந்தாலும் சரி. துடைக்கும் மென்பொருளை எப்போது நிறுவி, எப்போது ஓட்டினீர்கள் என்பதும் விண்டோஸில் பதிவாகக்கூடியதுதான். விசாரணை தெரிந்த பிறகு அழித்தார் என்ற ஒரு வரி அறிக்கையில் வந்துவிட்டால், பென்டிரைவைப் பற்றி அப்புறம் யாரும் பேசவே மாட்டார்கள்.